விவசாய உபயோகத்துக்கு மட்டும்

ஏற்றுமதி ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஷிப்பிங் பில் எப்படிப் போடுவது, பேக்கிங் லிஸ்ட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்கள் கம்ப்யூட்டரே போதும். தப்பாகப் போட்டால் அதுவே சிவப்பாகக் காட்டிவிடும். சிவப்பாகக் காட்டாத ஒரு தப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதைச் செய்தது நான்.

கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலையில் இருந்த ஒரு தார்ப்பாய்க் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். வீடு சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால். காலை பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவேன். நெல் மூட்டைக்குப் போடும் தார்ப்பாய், உப்பளத்துக்கு விரிக்கும் தார்ப்பாய், லாரிக்குக் கட்டுகிறது என்று எல்லாம் தைத்தோம். கொஞ்சம் வெளிநாட்டுக்கும் போகும். அந்தக் காகிதங்கள் என் பொறுப்பு.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் இருக்கும்போது எங்கோ தூரத்தில் இரண்டு நாடுகளுக்குள் சண்டை மூண்டது. பிறகு ஒவ்வொரு பக்கமும் நான்கு நாடுகள் சேர்ந்துகொண்டன. எந்தெந்த நாடு என்று எழுதவில்லை. எழுதினால் நீங்கள் யார் பக்கம் நியாயம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது நின்றுபோகும். நம் நாடு எந்தப் பக்கமும் இல்லை. நடுநிலை என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் பாசஞ்சர் பெட்டியிலும் எல்லாருக்கும் அதில் திருப்திதான். தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒரு அம்மா, "எவனோ எவங்கூடயோ அடிச்சிக்கிறான், நமக்கு இன்னாத்துக்குமா அது?" என்பார். ஆலப்பாக்கம் வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

முதல் ஆர்டர் நல்ல காரியத்துக்குத்தான் வந்தது. வீடு இழந்தவர்கள் தங்கும் முகாம்களுக்கு நீலத் தார்ப்பாய். தையல் பிரிவுப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டு தைத்தார்கள். டி.வி.யில் ஒரு முகாமைக் காட்டியபோது, "நம்மளுது மாதிரியே இருக்குதுல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஆர்டரில் நிறம் மாறியது. நீலம் வேண்டாம், மண் கலந்த பச்சை வேண்டும் என்றார்கள். அழுக்குத் தெரியாது என்று நானே காரணம் கண்டுபிடித்துச் சொன்னேன். என்னிடம் யாரும் காரணம் கேட்கவில்லை.

மூன்றாவது ஆர்டரில் அளவு மாறியது. வெறும் சதுரம் இல்லை, வரைபடம் போட்டு அனுப்பியிருந்தார்கள். வாங்குகிறவர் சண்டையில் இல்லாத வேறொரு நாட்டு வியாபாரி. பொருளின் பெயர் 'விவசாய எந்திர உறை'. கூடவே ஒரு உறுதிமொழிப் படிவம். இந்தச் சரக்கு என்ன காரியத்துக்குப் போகிறது என்று நாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'விவசாய உபயோகத்துக்கு மட்டும்' என்று எழுதினேன்.

வரைபடத்தைப் பார்த்துத் தைத்த அளவு சரியா என்று பரிசோதிக்கும் வேலையில் செல்வி இருந்தாள். கம்மாபுரத்துப் பெண். அப்பா நெய்வேலியில் சுரங்க எந்திரம் ஓட்டியவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்து நான்கு வருஷமாகிறது. எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் பெட்டி வெளியே போகும். அவள் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, இது டிராக்டர் இல்ல."

"வேற எந்திரமா இருக்கும். அறுவடை மிஷினா இருக்கும்."

"அறுவடை மிஷினுக்கு முன்னால இவ்ளோ நீளத்துக்கு ஒரு கொழாய் எதுக்குக்கா நீட்டிக்கினு இருக்குது? பாருங்க, அதுக்குத் தனியா உறை. முனையில மூடி. எங்க அப்பா ஓட்டாத மிஷினு இல்ல. நான் பாத்து வளந்தவ. இது பீரங்கிக்கா."

நான் பார்த்தேன். அவள் சொன்ன பிறகு அது வேறு எதுவாகவும் தெரியவில்லை. ஆனால் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "செல்வி, தைக்கிறது நம்ம வேல. அதுக்குள்ள யாரு எத வெக்கிறாங்கன்னு பாக்குறது நம்ம வேல இல்ல."

"அப்ப நீங்க எழுதுன வரி?"

"அது வாங்குறவங்க சொன்னது. நாம திருப்பி எழுதுறோம், அவ்ளோதான்."

"நான் போடலக்கா கையெழுத்து. தப்பா நெனச்சிக்காதீங்க."

பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மறுநாள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல். ஜி.எம். என்னைக் கூப்பிட்டுத் தாமதம் ஏன் என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. வரைபடத்தை அவர் முன் விரித்து, செல்வி சொன்னதைச் சொல்லியிருக்கலாம். நான், "செக்கிங்ல அந்தப் பொண்ணு தேவையில்லாம இழுக்குது சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாம யாரு பக்கமும் இல்ல மேடம். துணி தைக்கிறோம். துணி எந்தப் பக்கம்?" என்றார். நானும் சிரித்தேன். வெளியே வந்து, பரிசோதித்தவர் என்ற இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன்.

செல்வியை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நூல் கண்டு எண்ணுகிற வேலை. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். கடைசி நாள் என்னிடம் வந்து, "வரேங்க்கா" என்றாள். நான் ஏதோ ஃபைலில் மும்முரமாக இருப்பதுபோல் தலையாட்டினேன். ஃபைலில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு தடை ஏதும் இல்லாததால் ஆர்டர்கள் மாதம் தவறாமல் வந்தன. நானும் அதே வரியை மாதம் தவறாமல் எழுதினேன். நான்காவது ஐந்தாவது தடவை அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். முதல் கையெழுத்தின்போது உள்ளே ஏதோ குத்தும். அடுத்ததில் குத்தாது.

பேக்கிங் பிரிவில் ஜமால் பாய் என்று ஒருவர் இருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், நான் சேர்ந்த வருஷமே அவரும் சேர்ந்தவர். அவருடைய மகளைக் கட்டிய இலியாஸ் கப்பலில் டெக் வேலை பார்த்துவிட்டு, ஒரு வருஷமாக வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். "மேடம், ஒங்களுக்குத் தெரிஞ்ச லைன்ல சொல்லி விடுங்களேன். மருமவன் சும்மா குந்திக்கினு இருந்தா புள்ள மூஞ்சே சரியில்ல" என்று பாய் கேட்டார். எங்கள் சரக்கை ஏற்றும் கப்பல் கம்பெனியின் சென்னை ஏஜெண்டிடம் நான் பேசினேன். வேலை கிடைத்தது. இலியாசின் மனைவி போனில் என்னிடம், "சண்ட நடக்குற பக்கம்லாம் போவாதுல்ல மேடம்?" என்று கேட்டாள். "நடுநிலை நாட்டுக் கொடி கட்டின கப்பல்மா. யாரும் தொட மாட்டாங்க" என்றேன். அந்தக் கப்பலின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்த நானே அவளுக்கு அப்படிப் பதில் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து அந்தக் கப்பலை நடுக்கடலில், சண்டையில் இருந்த ஒரு நாட்டுக் கடற்படை நிறுத்தியது. பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். காகிதத்தில் விவசாயம், பெட்டியில் பீரங்கி உறை. பொய்க் காகிதத்தோடு போர்ச் சரக்கு ஏற்றி வந்தார்கள் என்று கப்பலில் இருந்த பத்தொன்பது பேரையும் பிடித்துக்கொண்டுபோய் ஒரு துறைமுக ஊரில் அடைத்தார்கள்.

ஜி.எம். அறைக்கு நான் அழைக்கப்பட்டேன். டெல்லியிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"உறுதிமொழியில இருக்கறது உங்க கையெழுத்து மேடம். அதே மாதிரி ஒரு லெட்டர் குடுத்துடுங்க. விவசாய எந்திர உறைதான், வேற எதுவும் எங்களுக்குத் தெரியாதுன்னு."

"ஆளுங்க உள்ள இருக்காங்க சார்."

"அவுங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சரக்கு சுத்தம்னு நாம உறுதியா நின்னாதான் கவர்மெண்டு அவுங்களுக்காகப் பேசும்."

அது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் நினைத்தது ஜெயிலைத்தான், அதுவும் என்னுடைய ஜெயிலை. ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. கடிதம் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பாசஞ்சர் பெட்டியில் உட்கார்ந்து பார்த்தேன். விவசாயத்துக்குத் துணி ஏற்றிப்போன நம் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று டி.வி. முழுக்க அதே பேச்சு. என் கடிதத்திலிருந்த வரிகளையே ஒருவர் திரையில் வாசித்தார். முதுநகரில் தட்டி வைத்தார்கள். எவன் எவங்கூட அடிச்சிக்கினா நமக்கென்ன என்ற தபால் ஆபீஸ் அம்மா, "விடக் கூடாதுக்கா இவுனுங்கள. நம்மள என்னா கிள்ளுக்கீரைன்னு நெனச்சிட்டானுங்களா?" என்றார். எதிரில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார், நம் கப்பல்களுக்குத் துணையாகப் போர்க்கப்பல் அனுப்ப வேண்டும் என்றார். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒருவர் அதெல்லாம் பத்தாது என்றார்.

அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பொய்யான ஒரு செய்தியைக் கேட்டு நியாயமாகக் கோபப்பட்டவர்கள். அந்தச் செய்தி பொய் என்று தெரிந்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கிள்ளை உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நீங்க கம்பெனில இருக்கீங்களே, நீங்க சொல்லுங்கக்கா" என்று ஒரு நாள் கேட்டார்கள். "அநியாயம்தான்" என்றேன்.

பிறகு நிஜமாகவே போர்க்கப்பல் போனது, வணிகக் கப்பல்களுக்குத் துணையாக மட்டும் என்றார்கள். அடுத்து, சண்டையில் இருந்த மறுபக்கத்து நாட்டின் கப்பல்கள் நம் துறைமுகத்தில் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் வந்தது. பழுதுக்கு மட்டும். அதற்கப்புறம் எண்ணெய் நிரப்பிக்கொள்ளவும் விட்டார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் நாம் நடுநிலைதான் என்ற வாக்கியம் இருந்தது. நான் அதை வாசிக்கும்போதெல்லாம் என் படிவம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நாடு போருக்குள் போவதென்றால் ஒரு நாள் காலையில் அறிவித்துவிட்டுப் போகும் என்று நினைத்திருந்தேன். நீலம் பச்சையாவது போலத்தான் போகிறது. இந்த மாற்றத்துக்கு நான் மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் ஒருவிதப் பெருமைதான். பெரிய பெரிய காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் என் பங்கு எது என்று எனக்குத் தெரியும்.

ஜமால் பாய் அந்த மாதங்களில் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஒரு நாள் மதியம் என் மேஜை பக்கம் வந்து நின்றார். தொப்பியைக் கையில் கழற்றி வைத்திருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காதீங்க. நம்ம சரக்கு சுத்தம்தானே?"

அவர்தான் அந்தப் பெட்டிகளைக் கட்டியவர். மடித்த துணியை மடிப்பாகவே பார்த்தவர். வரைபடம் அவர் கைக்கு வராது.

"சுத்தம்தான் பாய்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அது போதும். சுத்தமா இருந்தா அல்லா வெளிய கொண்டாந்துடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தையைப் போல எதுவும் என்னோடு தங்கவில்லை.

ஓய்வு பெற்ற நாளில் கேண்டீனில் சின்னதாக விழா வைத்தார்கள். ஜமால் பாய் எழுந்து பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "மேடம் என் மருமவனுக்காக டெல்லிக்கே லெட்டர் எழுதுனாங்க. எங்க வீட்டுல அஞ்சு வேளத் தொழுகையிலயும் அவுங்களுக்குத் துஆ கேக்கறோம்" என்று சொல்லி எனக்குச் சால்வை போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். தோளில் கிடந்த சால்வையை எடுத்து வீசிவிட்டு உண்மையைக் கத்த வேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுத ஆரம்பித்தேன். வரைபடம் இப்படி, செல்வி சொன்னது இப்படி, எனக்குத் தெரிந்தே எழுதினேன், கப்பல் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு பக்கம். எழுதி முடித்துத் துணி அலமாரியில் வைத்தேன். கம்பெனியிலிருந்து என் பணி விடுவிப்புக் காகிதங்கள் கைக்கு வரட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று. அவை வர ஐந்து வாரம் ஆயிற்று. வந்த மறுநாள் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்பினேன்.

அதன் பிறகு விசாரணைக்கு வந்தார்கள். வழக்கு இன்னும் இருக்கிறது. கம்பெனியும் நானும் அதில் இருக்கிறோம். அதைப் பற்றி எழுத இது இடமில்லை. என் கடிதம் செய்தியில் வரவில்லை. இரு நாட்டு அதிகாரிகளும் சத்தமில்லாமல் பேசி, மூன்று வாரத்தில் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். ஆட்கள் திரும்பினார்கள், ஆனால் துணைக்குப் போன போர்க்கப்பல் திரும்பவில்லை. இப்போது அங்கே இரண்டு நிற்கின்றன. முதலில் போனது எதற்காக என்று அந்தப் பாசஞ்சர் பெட்டியில் கேட்டால் இப்போது யாருக்கும் நினைவிருக்காது.

செல்விக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். விருத்தாசலத்தில் ஒரு பள்ளியில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். கேட்டுவிட்டு, "நானும்தான்கா. வேலைய விட்டேன், வெளிய யாருகிட்டயும் வாயத் தொறக்கல. வேற வேல கெடைக்காதுன்னு பயம்" என்றாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

இலியாஸ் வந்து பத்து நாள் கழித்துப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். விசாரணை நடந்ததில் ஜமால் பாய்க்கு விஷயம் தெரிந்திருந்தது. கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள இருக்கான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். இலியாஸ் பாதியாக இளைத்திருந்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் இலியாஸ் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ரெண்டாவது லெட்டரு, பக்ரீதுக்கு முன்ன போட்டீங்களா, பின்னயா மேடம்?"

"பின்னதான். அதுக்கு அடுத்த வாரம்."

"எழுதுனது?"

என்னால் அங்கே பொய் சொல்ல முடியவில்லை. "எழுதினது அதுக்கு ஒரு மாசம் முன்ன."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க கூட சங்கர்னு ஒரு குக்கு இருந்தான். திட்டக்குடிப் பக்கம். ஒரே ஜில்லான்னு என்ன மச்சான் மச்சான்னுதான் கூப்புடுவான். உள்ள ஜொரம் வந்துச்சி. மருந்து கேட்டோம், குடுக்கல. பக்ரீத் அன்னிக்கிக் காலையில போய்ட்டான்."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"நான் ஒங்கள ஒண்ணும் சொல்லல மேடம்" என்றார் இலியாஸ். "அவுங்க அப்பா அம்மா இருக்காங்க. என்னால போயி சொல்ல முடியல. எப்டி செத்தான்னு நான் சொல்லிடுவேன். ஏன் செத்தான்னு நீங்கதான் சொல்லணும்."

ஒரு துண்டுக் காகிதத்தில் முகவரி எழுதிக் கொடுத்தார்.

உங்களுக்கு இதை எழுதும் இந்த நாள் வரை நான் திட்டக்குடி போகவில்லை. விருத்தாசலம் போய்த்தான் பஸ் மாற வேண்டும் என்று இரண்டு முறை சிதம்பரத்தில் விருத்தாசலம் பஸ் ஏறினேன். இரண்டு முறையும் பாதி வழியில், சேத்தியாத்தோப்பில் இறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று, திரும்பி வரும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இரண்டாவது முறை கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, "என்னம்மா, போன வாரமும் இங்கயே எறங்கிட்டீங்க, விருத்தாசலத்துக்கு டிக்கெட் வாங்கிக்கினு?" என்று கேட்டார். ஏதோ மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொன்னேன். அவரும் நம்பிவிட்டார்.